கழலாத கூம்பு

எங்கள் சபையில் பாடும் எப்சிபா அக்கா போன தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ தொடுத்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னார்கள்.

ஒரு வீட்டுப் பட்டறையில் அட்டைக் குழாயைச் சுருட்டி, மேலே மரக்கூம்பு வைத்து, சின்ன ராக்கெட் ஒன்று செய்தார்கள். குழாய்க்குள் பாராசூட் மடிந்து கிடந்தது.

கூம்பு பசையைக் கூப்பிட்டு, "என்னை நல்லா ஒட்டிவிடு. தலை ஆடினா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?" என்றது.

"வேண்டாம் அக்கா. உச்சியில நீ கழன்றாத்தான் நான் வெளியே வந்து விரிய முடியும். அப்பத்தான் எல்லாரும் பத்திரமா இறங்கலாம்," என்றது பாராசூட்.

"மடிச்சு வச்ச துணிக்குப் பேச்சைப் பாரு. நான் விட்டுட்டா இந்தக் குடும்பத்தை யாரு பிடிச்சுக்கிறது?"

பசை சொன்னபடி ஒட்டியது.

ராக்கெட் ஆடாமல் நேராக ஏறியது. உச்சியில், கூம்பைக் கழற்ற உள்ளே வைத்திருந்த வெடிமருந்து பொங்கித் தள்ளியும் கூம்பு அசையவில்லை. ராக்கெட் தலைகீழாகத் திரும்பியது.

"அக்கா, வழி விடு."

"விடத்தான் பார்க்கிறேன் தங்கச்சி. முடியலையே."

நொறுங்கிய குழாய்க்குள் பாராசூட் மடிப்புக் கலையாமல் இருந்ததாம்.

கேட்ட நீங்கள் அந்தக் கூம்பைத் திட்டிவிடாதீர்கள். குடும்பத்தைப் பிடித்துக்கொள்வதாகத்தான் அது நினைத்தது.