பெயர் ஒட்டிய டப்பா

“ரத்தம் இன்னும் நிக்கல பாய். போன தடவைக்கு இந்தத் தடவை கூடித்தான் இருக்கு” என்று சொல்லி நர்ஸ் சகாயசெல்வி மலப் பரிசோதனைக் காகிதத்தை டீப்பாயின் மேல் வைத்தாள்.

ஜெகபர் அலி அதைத் தொடவில்லை.

அவருக்கு ரத்தம் நின்று இரண்டு மாதம் ஆகிறது.

எட்டு வருடமாகக் குடல் புண்ணோடு மல்லுக்கட்டிய மனிதர். இந்தா இருக்கிற அகரத்துக்குப் பஸ் ஏறுவதென்றாலும், இறங்குகிற இடத்தில் கக்கூஸ் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார். போன வாரம் தோல் கொள்முதலுக்காகப் பழனி வரைக்கும் நின்றுகொண்டே போனார், நின்றுகொண்டே திரும்பினார். வழியில் அவர் கண் எதையும் தேடவில்லை.

எல்லாம் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் கொடுக்கிற பொடியால் வந்தது. நல்ல கிருமி ஒன்றைப் பிடித்து, அதன் மரபணுவில் கைவைத்து, ஒரு வகைக் கொழுப்பு அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுரக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்த அமிலம்தான் குடலின் உள்தோலுக்குத் தீனி, புண்ணை ஆற்றும். ஆராய்ச்சிக்காக வீடு வீடாக வந்து போகும் நர்ஸ் சகாயசெல்வி முதல் நாள் இப்படி விளக்கியதுமே, பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தோலைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

தினமும் காலையில் ஒரு பொட்டலம். மாதம் ஒரு தடவை, பெயர் ஒட்டிய டப்பாவில் மலம். நிபந்தனை அவ்வளவுதான்.

அவள் அடுத்த காகிதத்தை எடுத்தாள். கிருமி குடலில் தங்கியதற்கு அடையாளமே இல்லை. அமிலமும் ஏறவில்லை. பொடியை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையோ என்று பெரிய டாக்டருக்குச் சந்தேகமாம். இந்த மாதத்தோடு பாயை நிறுத்திவிட்டு வேறு ஆளைச் சேர்க்கச் சொல்லிவிட்டாராம்.

அல்லா அறிய ஒரு நாளும் விட்டதில்லை என்றார் அவர். மிஷினில்தான் கோளாறு இருக்கும் என்றார்.

ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதித்தாயிற்று, மூன்று டப்பாவும் ஒரே மாதிரிதான் சொல்கிறது என்றாள் அவள். சொல்லும்போது அவள் முகமும் சுண்டித்தான் இருந்தது.

பொடி நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மறுபடியும் பஸ் ஏறுவதற்கு முன்னால் விசாரணை. மறுபடியும் பாதி வியாபாரத்தில் எழுந்து ஓட்டம். ஊசி, மாத்திரை, கஞ்சி.

தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. அது உள்ளதைச் சொல்வது.

எழுந்து ஜன்னலோரம் போய், தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. அந்த டப்பா மூணுல ஒண்ணுகூட என்னுது இல்ல.”

மகள் வயசுப் பெண்ணின் கையில் தன்னுடையதை எப்படிக் கொடுப்பது என்று முதல் மாதம் அவர் வெறும் டப்பாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு போனது அவர் மனைவி நஜ்முன்னிசாதான். ஒரே சட்டிச் சோறு, ஒரே வெஞ்சனம், உங்களுக்கு வேறு எனக்கு வேறாகவா இருக்கப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனவள், நிரப்பி, இறுக்கி மூடி, பாலிதீன் கவரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே. தன்னுடையது இல்லை என்கிற தைரியத்தில்தான் அவரால் அதைத் தலைநிமிர்ந்து நீட்ட முடிந்தது.

சகாயசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கே புது டப்பா தருகிறேன், டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஆனால் அதெல்லாம் யாருடையது என்று எழுதியாக வேண்டும் என்று பேனாவைத் திறந்தாள்.

“எங்க வீட்ல உள்ளவளோடதுதான்” என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை. அவளுடைய பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. ரத்தம் கூடியிருக்கிறது என்று சொன்ன முதல் காகிதம் டீப்பாயில் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த காய் நறுக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

அவர் அடுப்படி வாசல் வரைக்கும் போனார். உள்ளே கால் வைக்கவில்லை.

“எத்தனை நாளா நஜ்மு?”

எதைக் கேட்கிறீர்கள் என்று நஜ்முன்னிசா கேட்கவில்லை. வெட்டிய கத்தரிக்காயை அள்ளித் தண்ணீரில் போட்டாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“நோம்புக்கு முன்னாடி இருந்தே. ஒரு வீட்டுக்கு ஒரு சீக்காளி போதும்னு இருந்துட்டேன்.”