பின்னறை யாருக்கு?

"என் ரிவால்வரைத் தூக்கிக் குளத்துல வீசிட்டான், ஓபல் அக்கா! இவன் கையை உடைச்சா என்ன?"

துப்பாக்கிக் கடைக்குள் கால் வைக்கும்போதே ஹாலிஸ் கத்தினான். பின்னாலேயே வந்த தம்பி வெர்லின், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சிரித்தான்.

"பின்னே என்னக்கா? ஞாயித்துக்கிழமை வந்தா இதே பாட்டு. 'துப்பாக்கி இடது பக்கம் இழுக்குது, இழுக்குது'ன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நேத்து சாயங்காலம் வீசித் தொலைச்சேன்."

கெண்டக்கி மலையில் அந்தப் பக்கம் இந்தச் சண்டை தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிறு மதியம் ஹாலிஸ் வீட்டு வேலிமேல் காலி டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவரவர் துப்பாக்கியில் ஆளுக்குப் பத்துத் தோட்டா. யார் அதிகம் தட்டிவிடுகிறானோ, ஹாலிஸ் வீட்டுப் பின்னறை அந்த வாரம் அவனுக்கு. ஹாலிஸ் ஜெயித்துவிட்டால் வெர்லின் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் முப்பது வாரமாக வெர்லின்தான் ஜெயிக்கிறான், முப்பது வாரமாக அந்த அறையில் குறட்டை விடுகிறான்.

"முப்பது வாரம்க்கா!" ஹாலிஸ் கண்ணாடி மேசையை ஓங்கித் தட்டினான். "என் மீன்பிடிச் சாமானெல்லாம் வெளியில மழையில நனையுது. இவன் நாய் என் சோபாவுல மல்லாந்து கிடக்கு. வெட்கம் மானம் ஏதாவது இருக்கா இவனுக்கு?"

"இருக்கு. அதான் ஜெயிச்சுட்டுத் தங்குறேன்."

"கேட்டீங்களா திமிரை!"

"மேசையை உடைச்சிடாதே," என்றாள் ஓபல். அறுபது வயதுக்காரி, கடை அவளுடையது. "என்ன வேணும், அதைச் சொல்லு."

ஹாலிஸ் வாயைத் திறப்பதற்குள் வெர்லின் முந்திக்கொண்டான்.

"பாயிண்ட் இருபத்திரண்டு ரகத்துல, சின்னத் தோட்டா போடுறதா, விலை கம்மியா ஒண்ணு. டப்பா சுடத்தானே, அதுக்குமேல எதுக்கு? ஆனா நேரா சுடணும். நாளைக்குத் தோத்தா இவன் வாயே திறக்கக் கூடாது."

"துப்பாக்கி எனக்கா, உனக்கா?"

"உனக்குத்தான். உன்னை விட்டா குண்டூசிகூட வளைஞ்சதாப் பார்த்துத்தான் வாங்குவே."

ஓபல் மூன்று ரிவால்வர்களை எடுத்து வைத்தாள். ஹாலிஸ் முதலாவதைத் தூக்கிப் பார்த்தான்.

"விசை என்னக்கா இப்படிக் கல்லு மாதிரி இருக்கு? இதை அழுத்துறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

"இதை எடு. லேசா இருக்கும். நானே கொல்லை மண்மேட்டுல சுட்டுப் பார்த்தேன், நூல் பிடிச்ச மாதிரி போகுது."

"நீங்க சுட்டா போகும்." ஹாலிஸின் முகம் இன்னும் கடுகடுவென்று ஆனது. "பிடியைப் பாருங்க, சின்னப் பிள்ளைக்குச் செஞ்ச மாதிரி. என் கை என்ன பொம்மைக் கையா?"

"மூணாவது?"

"குழல் ரொம்பக் குட்டை."

"டெலஸ்கோப் நீளத்துக்கு வேணுமா உனக்கு?" ஓபலுக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ சொல்ற விலைக்கு இதைவிட நல்ல சாமான் இந்த ஜில்லாவுலேயே கிடைக்காது. வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு."

"அவன் வாங்க மாட்டான்க்கா!" வெர்லின் சிரிப்பை விட்டுவிட்டுச் சீறினான். "நேரா சுடுற துப்பாக்கி கையில வந்துட்டா, தோத்ததுக்கு என்ன சாக்கு சொல்லுவான்? அப்பா உயிரோட இருந்திருந்தா இவனைப் பார்த்துக் காறித் துப்பியிருப்பார்."

ஹாலிஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். முகம் காது மடல் வரை சிவந்திருந்தது.

"அப்பா பேச்சை எடுக்காதேடா! வெளியே போ! வண்டியில போய் உட்காரு!"

"போறேன், போறேன். இன்னிக்கு வாங்காம வந்தியோ, நான் வேற எடம் பார்த்துக்கிட்டுப் போயிடுவேன். கோணல் துப்பாக்கிக்காரன்கிட்ட ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிக்க எனக்கே அசிங்கமா இருக்கு."

கதவு கண்ணாடி அதிரச் சாத்தப்பட்டது. ஹாலிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நின்றான். வண்டிக் கதவு மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான். மூன்றில் விலை குறைந்ததைச் சுட்டிக்காட்டினான். துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பேனா கிழிக்கிற மாதிரி எழுதினான்.

ஓபலுக்கு மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது.

"கோபப்படாதே, ஹாலிஸ். எனக்கும் தம்பி இருக்கான், எனக்குத் தெரியாதா? குழல் நுனியில இருக்கிற இந்தக் குறிமுள்ளை இன்னொரு தடவை சரிபார்த்துத் தர்றேன். நாளைக்கு ஜெயிச்சு அவனைத் துரத்திவிடு."

"அதைத்தான் கொஞ்சம் வளைச்சு விடுங்கக்கா." ஹாலிஸின் குரல் சட்டென்று இறங்கியது. "கண்ணுக்குத் தெரியாம, ஒரு மயிரிழை. பழையது மாதிரியே இடது பக்கம் போகணும்."

ஓபல் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"வெள்ளத்துல அவன் வீடு போனப்புறம் ரெண்டு மாசம் அந்த வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தான்க்கா, மடப்பய. வந்து தங்குடான்னு கெஞ்சினேன். ஓசியில தங்க மாட்டேன்னு முறைச்சுக்கிட்டுப் போனான். போட்டின்னு வம்புக்கு இழுத்தப்புறம்தான் வீட்டுக்குள்ள காலை வச்சான். வேணும்னே தப்பா சுட்டா கண்டுபிடிச்சிடுவான், அவனுக்குச் சுடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்." ஹாலிஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எரிந்து விழுந்தான். "இது நேரா சுட்டா நாளைக்கு நான் ஜெயிச்சுத் தொலைச்சிடுவேன்க்கா!"