பாஸ்கல் வாத்தியார் மொழி

“ஏலே எருமை, மரியாதை எங்கலே போச்சு?”

அல்போன்சா டீச்சருக்கு அன்றைக்கு விழுந்த முதல் திட்டு அது. திட்டு வாங்கியவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் இருந்ததை மறுபடியும் ஒருமுறை வாசித்தார்.

“ஏம்மா, வரி முடியறப்ப ‘அய்யா’ போடணும்னு எத்தன தடவ சொல்றது?” என்றான் மகன் பிரின்ஸ். “போடலைன்னா அது திட்டத்தான் செய்யும்.”

“மறந்துட்டேம்ப்பா.”

இந்த ‘மறந்துட்டேன்’தான் பிரின்ஸைப் பயமுறுத்தியது.

திட்டுகிற அந்த விளையாட்டு மொழியை உருவாக்கியவன் அவனேதான். எம்.சி.ஏ. படித்தபோது ஒரு விடுமுறையில் பைதானில் எழுதியது. கூட்டு, கழி, வகு, சொல்லு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் கட்டளைகள். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழ். உலகத்தில் பாஸ்கல் என்று ஏற்கெனவே ஒரு கணினி மொழி இருந்ததால், தன் அப்பா பெயரில் இதற்குப் ‘பாஸ்கல் வாத்தியார்’ என்று பெயர் வைத்தான்.

கணக்கு வாத்தியார் பாஸ்கல் வகுப்பில் எப்படியோ, மொழியும் அப்படியே. ஒவ்வொரு வரியும் ‘அய்யா’ என்று முடிய வேண்டும். தப்பாக எழுதினால், அந்தந்தத் தப்புக்கு அவர் வாயில் வரும் அதே திட்டு திரையில் வரும். சரியாக எழுதினால் விடையை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பாராட்டு என்பது வாத்தியார் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

“பெத்த அப்பனையே பொம்மையாக்கிட்டியாலே!” என்று அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த மனுஷன், போன தவக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் பிரின்ஸ் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். ஈமெயிலில் தொடங்கலாம் என்றான். “மொதல்ல இதப் படிச்சுக்கிறேன்” என்று அம்மா இந்த மொழியைப் பிடித்துக்கொண்டார்.

அதில்தான் வந்தது வினை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாதித் திண்டுக்கல்லுக்கு ஹையர் பரீட்சை வரை சொல்லிக்கொடுத்த கை அது. கரண்டு போனால் இருட்டில்கூடப் பிழையில்லாமல் அடிக்கும். அந்தக் கை இப்போது வரிக்கு ஒரு தப்புப் போட்டது. ஒரு தப்பைத் திருத்திக் கொடுத்தால் மறுநாள் அதைச் செய்ய மாட்டார். புதிதாக வேறொன்றைச் செய்வார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பிரின்ஸே சரியாக அடித்துக் காட்டினான். விடை வந்தது. “அம்புட்டுத்தானா?” என்றார் அம்மா. அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று அவன் இடிந்துபோனான்.

“வரவர மோசமாகுது சித்தி” என்று கொடைரோட்டுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னான்.

அம்மாவின் தங்கை கிளாரா பெருமூச்சு விட்டார். “எங்கம்மாவுக்கும் இப்பிடித்தாம்ப்பா ஆரம்பிச்சுச்சு. கடைசில என்னையவே யாருன்னு கேட்டுச்சு. நீ பெங்களூரு வேலைக்குக் கெளம்பிட்டா அக்காவுக்கு யாரு இருக்கா?”

பெங்களூர் கம்பெனியில் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அம்மாவோ, “நீ தைரியமாப் போப்பா, நான் இருந்துக்கிறேன்” என்றார். அடுப்பை அணைக்க மறந்தால்? வீட்டுக்கு வழி மறந்தால்? டாக்டரிடம் போகலாம் என்றாலும், “எனக்கென்ன கேடு?” என்று அசையவில்லை. பிரின்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் பூஜ்யத்தால் வகுத்துவிட்டு, “சோத்தத்தான திங்கிற?” என்று அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டார். வாசித்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிரின்ஸ் அதைப் பார்த்துவிட்டான்.

அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. புத்தி தடுமாறுகிற மனுஷியை ஒரு மெஷினை விட்டுத் திட்டவைக்கிறோமே, இதைவிடப் பாவம் உண்டா?

ஞாயிறு காலை அம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில், திட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். எல்லாத் தப்புக்கும் பொதுவாக, ‘தவறு. மீண்டும் முயற்சி செய்யவும்’ என்று மரியாதையாக ஒரே பதிலை எழுதிவைத்தான். பழையதை நகல்கூட எடுத்துவைக்கவில்லை. அம்மா இனியாவது மனம் நோகாமல் படிக்கட்டும், பெங்களூருக்கு முடியாது என்று நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கோயிலிலிருந்து வந்த அம்மா, சேலையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வேகமாக ஒரு வரி அடித்தார். ‘அய்யா’ போடவில்லை.

‘தவறு. மீண்டும் முயற்சி செய்யவும்.’

அடுத்த வரியில் அடைப்புக்குறியைத் திறந்தார், மூடவில்லை. அதே பதில். பூஜ்யத்தால் வகுத்தார். அதே பதில். இல்லாத கட்டளை ஒன்றை அடித்தார். அதற்கும் அதே பதில்தான்.

விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. உதடு துடிக்க அம்மா திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, என்ன செய்யுது?” என்று பிரின்ஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

“வேணும்னே இம்புட்டுத் தப்புப் போட்டும், உங்கப்பா இன்னைக்கு என்னையத் திட்ட மாட்டேங்கிறாரேப்பா!”