கிறிஸ்டோபரின் சாட்சி

முசரவாக்கம் சர்ச் ஹாலில் ஒத்திகை பாதியில் நின்றுவிட்டது. நிகழ்ச்சிக்கு அழைத்திருந்த குவைத் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் செயலாளர் போன் ஸ்பீக்கரில் கொதித்துக்கொண்டிருந்தார்.

“கிறிஸ்தவ ஆர்க்கெஸ்ட்ரான்னு சொன்னீங்க. பாஸ்போர்ட்ல இளங்கோவன், துளசி, கங்கையம்மாள்னு இருக்கு. இது என்ன பஜனைக் கோஷ்டியா?”

“ஐயா, எங்க பக்கத்துல சர்ச் பேரு வேற, சர்டிபிகேட் பேரு வேற. நானே ஆபிரகாம்தான்” என்றார் குழுத்தலைவர் இளங்கோவன்.

“கமிட்டி நம்பாது. கிறிஸ்டோபர்னு ஒருத்தர் இருக்காரே, அவருக்கு மட்டும் விசா போடறேன்.”

நடனப் பெண்கள் சலங்கையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பாடகி துளசியின் கண் கலங்கியது. அவள் இதுவரை வேலூரைத் தாண்டிப் பாடியதில்லை.

“கிறிஸ்டோபர்கிட்ட போனைக் கொடுங்க. ஒரு ஜெபம் பண்ணட்டும்” என்றார் செயலாளர்.

தாளவாத்தியம் வாசிக்கும் கிறிஸ்டோபருக்கு வியர்த்தது. துளசி அவன் காதில் ஒவ்வொரு வரியாக முணுமுணுக்க, அவன் உரக்கச் சொன்னான். ஆமென் மட்டும் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

செயலாளரின் குரல் இளகியது. “உருக்கிட்டீங்க தம்பி. நீங்களே சொல்லுங்க, மத்தவங்கல்லாம் நெஜமாவே விசுவாசிங்கதானா?”

“சத்தியமா ஐயா. அதுக்கு நான் கேரண்டி.”

“உங்க வார்த்தை போதும். எல்லாருக்கும் விசா போடறேன்.”

போன் துண்டிக்கப்பட்டதும் துளசி அவன் முதுகில் தட்டினாள். “காப்பாத்திட்டபா!”

“எங்கம்மாவுக்கு நன்றி சொல்லு. மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்த டாக்டர் பேரை எனக்கு வச்சது அவங்கதான்” என்ற கிறிஸ்டோபர், தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“நான் கெளம்பறேண்ணே. பெருமாள் கோயில்ல வரதர் பொறப்பாட்டுக்கு நேரமாவுது. நாமம் வேற இட்டுக்கணும்.”