உறை பிரிக்காத நாற்காலி

எங்கள் நூற்பாலையில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. ஓய்வு பெறுகிற அன்றைக்கு மட்டும், கூட வேலை பார்த்தவர்கள் வாங்கித் தரும் நாற்காலியில் உட்காரவைத்து மாலை போடுவோம். அற்புதமேரியக்காவுக்குப் பிரம்பு நாற்காலி வாங்கியிருந்தோம். நரம்பு சுருண்டு புடைத்த கால்களை மெல்ல மடக்கி அவள் உட்காரப் போன நேரத்தில் சூப்பர்வைசர் ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"உட்காராதீங்க. ஓய்வு வயசை அறுபதாக்கிட்டாங்களாம், டிவியில சொல்றான். சந்தோஷப்படுங்கம்மா."

உறைகூடப் பிரிக்காத அந்த நாற்காலி அவளுடைய இயந்திரத்துக்கு எதிரே சுவரோரம் கிடந்தது. இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்று காலை மறுபடி மாலை வாங்கி வைத்திருந்தோம். சூப்பர்வைசர் வந்து அறுபத்திரண்டு என்றான். இந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் ஒருத்தனாவது நின்றுகொண்டு போட்டிருப்பானா?

மேரியக்கா நேராக நாற்காலியிடம் போனாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க. வேலை போயிரும்."

"அது போகட்டும்னுதானடா ரெண்டு வருஷமா நிக்கிறேன்."

கால்களை நீட்டிக்கொண்டாள். அவளுடைய இயந்திரத்தில் ஒரு நூல் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. போய் ஒட்டுங்கள் என்று அவன் எங்களைப் பார்த்துக் கத்தினான். யாரும் நகரவில்லை. என் முழங்கால்கள் தரையை நோக்கித் தாமாகவே மடங்க ஆரம்பித்திருந்தன.