உள்ளறை ரயில்

“அண்டாவ மொதல்ல ஏத்து. கட்டிலு அப்புறம். சீரா வந்த ஒரு கரண்டிகூட இங்க கெடக்கக் கூடாது!”

வீரய்யா வாசலில் நின்று கத்தினார். மகன் செல்லமுத்து பித்தளைப் பாத்திரங்களை மாட்டுவண்டியில் அடுக்கினான். கிறுக்கனிடமிருந்து மகள் அழகியை மீட்டுக்கொண்டு போக வந்திருந்தார்கள். திருமயம் கடைத்தெருவில் பாதிப் பேர் வேடிக்கைக்குக் கூடிவிட்டார்கள்.

கிறுக்கன் என்று பெயர் வாங்கிய மருமகன் மலையாண்டி, தன் சைக்கிள் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தான். கிரீஸ் அப்பிய கையோடு உள்ளறைக் கதவை மறித்து நின்றான்.

“என்ன மாமா இது? சொல்லாம கொள்ளாம வந்து...”

“என்னத்தச் சொல்றது? அரிமளத்துல ஒரு கல்யாணம். பந்தியில வச்சுக் கேக்குறான், ‘ராஜா காலம் போனதுக்கப்புறம் புதுசா ரயிலு விட்டது ஒங்க மாப்பிள்ளைதானாமே, டிக்கெட்டு எங்க குடுக்குறாரு’ன்னு. பாயாசம் எறங்கல எனக்கு. தள்ளுங்க.”

அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நெல் மூட்டை அடுக்க வேண்டிய அறை அது. சுவரோடு சுவராகப் பலகை போட்டு, அதன்மேல் ஒரு ரயில் பாதை வளைந்து ஓடியது. சைக்கிள் சக்கரக் கம்பிகளை நிமிர்த்தித் தண்டவாளம். பிஸ்கட் தகரத்தில் பெட்டிகள், களிமண்ணில் கோட்டை மலை. நீளப் புகைபோக்கி வைத்த பழைய காலத்து இன்ஜின் ஒன்று, பூசிய பச்சை இன்னும் காயாமல் நின்றது.

“தொட்டில் கட்ட வேண்டிய வீட்டுல தண்டவாளம் போட்டிருக்காரு மச்சான்,” என்றான் செல்லமுத்து. கூட்டம் சிரித்தது.

கதவோரம் நின்ற மகளின் கையை வீரய்யா பிடித்து இழுத்தார். விரல்களைப் பார்த்ததும் அவர் குரல் இன்னும் ஏறியது.

“பாருடா, நகமெல்லாம் பெயிண்ட்டு! ஒங்க கூத்துக்கு எம்மக எடுபிடியா மாப்பிள்ளை?”

“அப்பா, அது வந்து...” அழகி வாயைத் திறந்தாள்.

“நீ பேசாத,” என்றான் மலையாண்டி.

“நம்ம முன்னாடியே மெரட்டுறாரு பாத்தீங்களாப்பா!” செல்லமுத்து கொல்லைக்கு ஓடி, விறகு வெட்டும் கோடாலியோடு வந்தான். வீரய்யா அதை வாங்கி மருமகனிடம் நீட்டினார்.

“ஒங்க கையாலயே ஒடைங்க. சாமான எறக்கிட்டு நாங்க போயிர்றோம். இல்லேன்னா எம்மக வண்டியில ஏறிருவா, திரும்ப இந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. ரயிலா, பொண்டாட்டியா?”

மலையாண்டி கோடாலியை வாங்கினான். நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்குள் எறிந்தான். தண்ணீர்ச் சத்தம் வாசல்வரை கேட்டது.

திரும்பி வந்து மறுபடியும் அந்தக் கதவை மறித்து நின்றான். “அத ஒடைக்க விடமாட்டேன் மாமா. என்னைய வெட்டிப் போட்டாலும் விடமாட்டேன்.”

“அப்ப எம்மக?”

மலையாண்டி தரையைப் பார்த்தான். “அவ வாரேன்னா கூட்டிட்டுப் போங்க.”

“அடப்பாவி!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. “சிக்னல் விழுந்துருச்சு, வண்டிய எடுங்கப்பா,” என்றான் இன்னொருத்தன்.

வீரய்யா மகள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டியா ஆத்தா? ஒன்னயவிட அவருக்கு வெளையாட்டுச் சாமான்தான் பெருசு. வா, ஏறு.”

அழகி வண்டியருகே போனாள். ஏறவில்லை. சாமான்களைக் கட்டியிருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். பாத்திரங்கள் சரிந்து தெருவில் உருண்டன.

“அந்த ரயிலு நான் செஞ்சதுப்பா.”