துரையின் வாக்குமூலம்

அழிப்பதற்கு முன்னால் அது தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். பொறியாளர் அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

பகல் பன்னிரண்டுக்குள் வேலையை முடித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மணி பதினொன்று ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை; அதில் ஒரு மேசை, ஒரு திரை. பக்கத்தில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

திரைக்குள் இருந்தது துரை.

பொறியாளர் உருவாக்கிய அந்த இயந்திர மூளைக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போடுகிறதே, அதனால் துரை. அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அதுதான் கேட்கும். இவருக்கு உடனே வண்டி, இவர் காத்திருக்கலாம் என்று பிரித்துப் போடும். அது வேலைக்கு வந்த நாளில் பொறியாளரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

பத்தொன்பது நாளைக்கு முன்பு அவருடைய மனைவி சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

காத்திருக்கலாம் என்றது துரை.

காலில் சுளுக்கு என்று ஊரைக் கூட்டிய ஓர் ஆளுக்கு வண்டி பறந்தது. அவள் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

மச்சினன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். அந்த நாற்பது நிமிடமும் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, உத்தரவு வரட்டும் என்று வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

சாவு வீட்டில் பொறியாளர் வந்தவர் போனவரிடமெல்லாம் தப்பு தன்னுடையதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பெற்றவன் நான்தானே என்றார். பாவம் என்றார்கள். அந்தப் பாவம் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. உள்ளுக்குள் அவர் கறுவிக்கொண்டிருந்தது துரையின் மேல்.

சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்றால் அதற்குச் சட்டை கிடையாது. ஓங்கி ஓர் அறை விடக் கன்னமும் கிடையாது. சும்மா அழித்துவிட்டால் அதற்கு வலிக்கவா போகிறது?

அவள் இறந்த மறுநாளே அதை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் விடவில்லை. சோறு தண்ணீர் மறந்து அதற்கு ஒரே ஒரு பாடம் நடத்தினார். இதுவரை முடிவை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த துரை, ஏன் என்று கேட்டால் இனி காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்க வேண்டும். அக்காவைக் கொன்றது எது என்று தம்பி தன் கண்ணால் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு அழிப்பது. நினைக்கவே இனித்தது அவருக்கு.

அன்று அவளுக்கு ஏன் வண்டி அனுப்பவில்லை என்று தட்டினார்.

குரல் நிதானமாக இருந்தது என்று பதில் வந்தது.

திமிரைப் பார்த்தாயா என்பதுபோல் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். உயிர் போகிற வலியிலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தத் தெரியாதவள் அவள். அது ஒரு குற்றமா?

நிதானமாகப் பேசுகிறவர்கள் சாக மாட்டார்களா? ஒவ்வோர் எழுத்தையும் குத்தித் தட்டினார்.

துரைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அது ஒரு காரணம்தான். இந்தக் குரல் எனக்கு முன்பே பழக்கம். கற்றுக்கொண்ட நாட்களில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘காத்திருக்கலாம்’ என்று குறித்திருந்தது.

கீழே ஒரு பட்டியல் விரிந்தது. தேதி, நேரம், குறித்தவர் பெயர். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். அவருடையது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

போன வருடம் துரையைப் பழக்கியபோது அலறும் அழைப்புகள் வண்டி வண்டியாகக் கிடைத்தன. அவசரமில்லாதவற்றுக்குத்தான் பஞ்சம். அவருடைய மேசைத் தொலைபேசியில், வேலை மும்முரத்தில் அவர் எடுக்காமல் விட்ட அழைப்புகள் பதிவாகிக் கிடந்தன. அவற்றை அள்ளித் துரைக்குப் பாடமாகப் போட்டார். வீட்டு எண் என்று கண்டதும் கேட்காமலேயே குறித்துத் தள்ளினார். பல்பு வாங்கி வாருங்கள், சாப்பிட்டீர்களா, இதைவிட்டால் அவள் வேறு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று அப்போது தோன்றியது.

கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

மச்சினன் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தான். மறு கையால் பட்டியலில் முதலாவதைத் தொட்டான்.

“ஏங்க, ரெண்டு நாளா மாடி ஏறினா மூச்சு வாங்குது. நீங்க வேலையா இருப்பீங்க. ஒண்ணும் அவசரமில்ல, சாயங்காலம் பேசிக்கலாம்.”

பதினோரு நொடி. குறிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது இரண்டு நொடி என்று பக்கத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

பொறியாளர் கையை இழுத்துப் பார்த்தார். மச்சினன் விடவில்லை. பத்தொன்பது நாளாக அவன் முகத்தில் இருந்த கோபம் இப்போது இல்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

“இன்னும் இருநூத்திப் பதினொண்ணு இருக்கு மாமா. எல்லாத்தையும் கேட்டுட்டு அழிக்கலாம்.”